பட்டனில் உட்கார்ந்தால் கால் பண்ணுவதா, ரெய்ஸ் பண்ணுவதா? புதிதாகப் போக்கர் ஆடுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ரம்மி தெரிந்தவனுக்குப் போக்கர் இரண்டு நாளில் வந்துவிடும் என்று நினைத்துத்தான் நானும் உட்கார்ந்தேன். மன்னார்குடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடி, சம்பா அறுவடை முடிந்து வேலை ஓய்ந்த மாசி, பங்குனி மாதங்கள், ஆறு பேர். விதிகள் இரண்டு நாளில் வந்துவிட்டன. ஆனால் ஒன்றரை வருடம் விடாமல் தோற்றேன். தோற்ற கைகளை எல்லாம் ஒரு நோட்டில் எழுதிப் பார்த்த பிறகுதான் ஓட்டை எங்கே என்று தெரிந்தது. கடைசி இடங்களில் உட்கார்ந்திருக்கும்போது, மேஜையில் முதல் மூன்று சீட்டு விழுவதற்கு முன்பே, ரெய்ஸ் பண்ண (பந்தயத்தை ஏற்ற) வேண்டிய கையை எல்லாம் வெறும் கால் பண்ணி (இருக்கும் பந்தயத்துக்குச் சமமாக மட்டும் போட்டு) கெடுத்திருக்கிறேன்.

இதை யாராவது முதல் மாதமே உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும். நீங்கள் அந்த ஒரு வருடத்தை இழக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். எந்தக் கை எதைவிடப் பெரியது, பந்தயம் எப்படிச் சுற்றி வரும் என்பது உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. முதலில் காசைத் தள்ளி வையுங்கள்

பழகும் காலத்தில் காசு வேண்டவே வேண்டாம். 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நாடு முழுக்கத் தடை செய்துவிட்டது. போக்கரும் அதில் அடக்கம். "இது வெளிநாட்டு ஆப், பிரச்சினை இல்லை" என்று வாட்ஸ்அப்பில் லிங்க் வரும். தொடாதீர்கள். போட்ட பணம் திரும்பி வராவிட்டால் போய்க் கேட்க இடம் கிடையாது. ஊரில் நாலு பேர் கூடிக் காசு வைத்து ஆடுவதும் போலீஸ் வழக்கில் கொண்டுபோய் விடும்.

எங்களுக்கு ஆரம்பத்தில் ஆன செலவு ஒரு சீட்டுக்கட்டு மட்டும்தான். புளியங்கொட்டை ஒன்றுக்கு 5, சோழி ஒன்றுக்கு 50 என்று மதிப்பு வைத்துக்கொண்டோம். ஆளுக்கு 1,000. சீட்டு வருமுன்பே இருவர் கட்டாயமாகப் போட வேண்டிய தொகைதான் பிளைண்ட்: ஸ்மால் பிளைண்ட் 5, பிக் பிளைண்ட் 10. அதாவது ஒவ்வொருவர் கையிலும் 100 பிக் பிளைண்ட். கீழே வரும் கணக்குகள் எல்லாம் இந்த அளவில்தான். அப்புறம் 1,400 ரூபாய் கொடுத்து பிளாஸ்டிக் சிப் பெட்டி ஒன்று வாங்கினோம். அது அவசியமே இல்லை.

2. உங்கள் இடம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

சீட்டுப் போடுபவரின் இடம் பட்டன். அவருக்கு வலது கைப் பக்கம், அவருக்கு முன் முறை வருபவர் கட்-ஆஃப். இந்த இரண்டும்தான் கடைசி இடங்கள். பட்டனுக்கு அடுத்து இடது பக்கத்தில் ஸ்மால் பிளைண்ட், பிக் பிளைண்ட்.

நம் பக்கத்தில் கடைமடை என்றாலே கஷ்டம்தான். தலைமடைக்காரர் வயலுக்குப் பாய்ந்தது போக மிச்சம் இருந்தால்தான் நமக்குத் தண்ணீர். அதனாலோ என்னவோ, கடைசி இடம் என்றதும் மட்டமான இடம் என்று என் மனதில் பதிந்திருந்தது. போக்கரில் அது தலைகீழ். ஃபிளாப் (மேஜையில் திறக்கும் முதல் மூன்று சீட்டு) விழுந்த பிறகு ஒவ்வொரு சுற்றிலும் பட்டன்தான் கடைசியாகப் பேசுவார். மற்றவர் பந்தயம் கட்டினாரா, தயங்கினாரா, விட்டுவிட்டாரா என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். ஒரே சீட்டுக்கு முதல் இடத்தில் ஒரு மதிப்பு, பட்டனில் வேறு மதிப்பு.

இங்கே ஒரு பழக்கத்தை ஆரம்பத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் முறை வரும்வரை சீட்டைப் பார்க்காதீர்கள். முன்னால் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். எங்கள் மேஜையில் ஒருவர், ஃபோல்ட் பண்ணப்போகிறார் (அந்தக் கையை விட்டு விலகப்போகிறார்) என்றால் சீட்டை விரல் நுனியில் ஏற்கெனவே தூக்கி வைத்திருப்பார். அவர் பிக் பிளைண்டில் உட்கார்ந்து அப்படிச் சீட்டைப் பிடித்திருக்கும்போது நீங்கள் பட்டனில் இருந்தால், அதைவிட நல்ல செய்தி வேறு வேண்டாம்.

3. எல்லாரும் ஃபோல்ட் பண்ணிவிட்டு உங்களிடம் வந்தால்: ரெய்ஸ், இல்லாவிட்டால் ஃபோல்ட்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். கட்-ஆஃபிலோ பட்டனிலோ இருக்கிறீர்கள், முன்னால் இருந்தவர்கள் எல்லாம் ஃபோல்ட். அப்போது 10 போட்டு வெறும் கால் பண்ணுவதை லிம்ப் என்பார்கள். அதைச் செய்யாதீர்கள். கை ஆடத் தகுந்தது என்றால் 25 போட்டு ரெய்ஸ் பண்ணுங்கள். தகுதி இல்லை என்றால், ரம்மியில் ஸ்கூட் விடுவது போல, சீட்டைக் கவிழ்த்துவிடுங்கள்.

எனக்கு இது புரிந்தது ஒரே ஒரு கையில். நான் பட்டன். இஸ்பேட் ராணி, ஆர்ட்டின் ராணி. எல்லாரும் ஃபோல்ட். "ரெய்ஸ் பண்ணினால் ஓடிவிடுவார்கள், உள்ளே இழுப்போம்" என்று நினைத்து 10 மட்டும் போட்டேன். ஸ்மால் பிளைண்ட் 5 சேர்த்து உள்ளே வந்தார். பிக் பிளைண்டில் என் மச்சான். அவர் எதுவும் போட வேண்டியதில்லை, சும்மாவே ஃபிளாப் பார்த்தார். இஸ்பேட் 7, ஆர்ட்டின் 4, கிளாவர் 2. பாட், அதாவது நடுவில் சேர்ந்த மொத்தப் பந்தயம், 30. நான் 20 கட்ட, ஸ்மால் பிளைண்ட் விலகினார், மச்சான் 60 என்றார். நான் கால். அடுத்து டைமன் 9. மச்சான் 150, நான் கால். கடைசியில் கிளாவர் 3. மச்சான் எட்டுச் சோழியை எண்ணி 400 வைத்தார். ராணி ஜோடியை விட மனசில்லாமல் அதற்கும் கால் பண்ணினேன். அவர் திருப்பியது டைமன் 7, கிளாவர் 4. இரண்டு ஜோடி. ஒரே கையில் 620 போனது.

"நீ மொதல்லயே 25 போட்டிருந்தா இந்தச் சீட்டைத் தூக்கிப் போட்டிருப்பேன் மாப்ள" என்றார். அன்று ராத்திரி முழுக்க இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த ஏழும் நாலும் விழுந்தது யார் கையிலும் இல்லை. ஆனால் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு அவர் செலவில்லாமல் ஃபிளாப் பார்த்தது நான் திறந்துவிட்ட வழி.

இப்போது கணக்கு. நீங்கள் பட்டன், பாட்டில் இரண்டு பிளைண்டும் சேர்ந்து ஏற்கெனவே 15 இருக்கிறது. நீங்கள் 25 போடுகிறீர்கள். 100 தடவை இப்படிப் போட்டு, 63 தடவை பிளைண்டில் இருக்கும் இருவரும் ஃபோல்ட் பண்ணினால் உங்களுக்கு 945. மீதி 37 தடவையும் போட்ட 25 முழுதாகப் போகிறது என்றே வைத்தாலும் நஷ்டம் 925. அப்படியும் 20 லாபம். அந்த 37 தடவையிலும் எல்லாவற்றையும் தோற்கப்போவதில்லை. கடைசியாகப் பேசும் இடமும் உங்களுடையதுதான். கால் பண்ணினால் இந்த முதல் வழி, அதாவது ஃபிளாப் வராமலே ஜெயிக்கும் வழி, கிட்டத்தட்ட அடைபட்டுவிடுகிறது.

தவறுகிற இடம்: கைக்குத் தகுந்த மாதிரி ரெய்ஸ் அளவை மாற்றுவது. எங்கள் மேஜையில் ஒருவர் பெரிய ஜோடி என்றால் 40, சுமார் கை என்றால் 20 போடுவார். இரண்டு வாரத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. 25 என்றால் எல்லாக் கைக்கும் 25.

இன்னொன்று. ரெய்ஸ் பண்ணும் முன் இடது பக்கம் இருக்கும் இரண்டு பேரையும் ஒரு தரம் பாருங்கள். பிக் பிளைண்டில் இருப்பவர் எதற்கும் ஃபோல்ட் பண்ணாத ஆள் என்றால் மேலே சொன்ன கணக்கு செல்லாது. அவருக்கு எதிரே மெலிந்த கைகளை விட்டுவிட்டு, நல்ல கைகளுக்கு மட்டும், 30, 35 என்று சற்றுக் கூட்டிப் போடுங்கள்.

4. பட்டியலை ஒரு தாளில் எழுதுங்கள்

மொத்தம் 1,326 விதமாக இரண்டு சீட்டு வரலாம். அத்தனையையும் மேஜையில் உட்கார்ந்து யோசிக்க முடியாது. வீட்டிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதியது இது.

கட்-ஆஃபில் முதல் ஆளாக ரெய்ஸ் பண்ண: எல்லா ஜோடியும். ஒரே சின்னத்தில் ஏஸோடு எந்தச் சீட்டும். வேறு வேறு சின்னம் என்றால் ஏஸோடு 10 முதல். ராஜாவோடு ஒரே சின்னத்தில் 9 முதல். ராணியோடு ஒரே சின்னத்தில் 9 முதல், ஜாக்கியோடும் அப்படியே. வேறு சின்னத்தில் ராஜா ராணி, ராஜா ஜாக்கி, ராணி ஜாக்கி. ஒரே சின்னத்தில் 10-9, 9-8, 8-7. எண்ணிப் பார்த்தால் 258 வரும், ஏறக்குறைய ஐந்தில் ஒரு கை.

பட்டனில் அதோடு சேர்த்து: வேறு சின்னத்தில் ஏஸோடு 9, 8. ஒரே சின்னத்தில் ராஜாவோடு 8, 7, 6. ராணியோடும் ஜாக்கியோடும் ஒரே சின்னத்தில் 8. வேறு சின்னத்தில் 10-உம் அதற்கு மேலும் உள்ள எந்த இரண்டு சீட்டும். ஒரே சின்னத்தில் 10-8, 9-7, 7-6, 6-5. மொத்தம் 354, நூற்றுக்கு 27 கை. அனுபவசாலிகள் பட்டனில் இதைவிட நிறையவே ஆடுவார்கள். முதல் ஆறு மாதம் உங்களுக்கு இது போதும். ஃபிளாப் வந்த பிறகு ஆடத் தெரியத் தெரியக் கூட்டிக்கொள்ளலாம்.

5. முன்னால் ஒருவரோ இருவரோ லிம்ப் பண்ணியிருந்தால்

நல்ல கை என்றால் இங்கேயும் ரெய்ஸ்தான், ஆனால் அளவு பெரிதாக வேண்டும். 30 வைத்துக்கொண்டு, லிம்ப் பண்ணிய ஒவ்வொருவருக்கும் 10 சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் என்றால் 50. ஏன் கூட்டத்தைக் குறைக்க வேண்டும் என்று கேட்டால்: கையில் ஏஸ் ஜோடியே இருக்கட்டும், எதிரே ஏதோ சீட்டோடு ஒரே ஒருவர் என்றால் கடைசிவரை போனால் நூற்றுக்கு 85 தடவை ஜெயிப்பீர்கள். நாலு பேர் என்றால் அது 56-க்கு இறங்கிவிடும்.

கால் பண்ணலாம் என்று நான் சொல்லும் முதல் இடமும் இங்கேதான் வருகிறது. இரண்டு மூன்று பேர் லிம்ப் பண்ணிவிட்டார்கள், உங்களிடம் 2 முதல் 6 வரை ஏதோ ஒரு சின்ன ஜோடி, அல்லது ஒரே சின்னத்தில் 7-6 மாதிரி அடுத்தடுத்த சீட்டு. 10 போட்டு உள்ளே போங்கள். ஜோடிக்கு மூன்றாவது சீட்டு ஃபிளாப்பில் விழுவது நூற்றுக்கு 12 தடவைதான். விழுந்தால் உள்ளே இருக்கும் அத்தனை பேரிடமும் வசூல் ஆகும். விழாவிட்டால் 10-ஓடு எழுந்துவிட வேண்டும்.

தவறுகிற இடம்: "இத்தனை பேர் வந்துட்டாங்க, நாமளும் ஒரு பத்து போடுவோம்" என்று வேறு வேறு சின்னத்தில் ராஜா-7 வைத்துக்கொண்டு உள்ளே போவது. ராஜா விழுந்தாலும் எதிரே யாரிடமாவது ராஜா-ராணி இருக்கும். போவது 10 இல்லை, 200.

6. முன்னால் ஒருவர் ரெய்ஸ் பண்ணியிருந்தால்

கால் என்பது உண்மையில் இந்த இடத்துக்கான ஆயுதம். சிக்கலான இடமும் இதுதான். யார் ரெய்ஸ் பண்ணினார், எந்த இடத்திலிருந்து பண்ணினார் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் இடத்திலிருந்து ரெய்ஸ் வந்தால் அவருக்குப் பின்னால் ஐந்து பேர் இருப்பது தெரிந்தே போட்டிருக்கிறார், கை கனமாக இருக்கும். கட்-ஆஃப் போட்டு நீங்கள் பட்டன் என்றால், மேலே உள்ள பட்டியலைப் போல அவரும் ஐந்தில் ஒரு கையை ஆடிக்கொண்டிருக்கலாம்.

ஏஸ், ராஜா, ராணி ஜோடிகளுக்கும் ஏஸ்-ராஜாவுக்கும் யோசனையே வேண்டாம், மீண்டும் ரெய்ஸ். அவர் 25 போட்டிருந்தால் நீங்கள் 75 அல்லது 80. இதற்குப் பெயர் த்ரீ-பெட். ஜாக்கி ஜோடி, 10 ஜோடி, ஏஸ்-ராணி மூன்றுக்கும் முதல் இடத்தவர் என்றால் கால், கட்-ஆஃப் என்றால் த்ரீ-பெட்.

பட்டனில் கால் பண்ண நல்ல கைகள்: 2 முதல் 9 வரையான ஜோடிகள், ஒரே சின்னத்தில் ராஜா-ராணி, ராணி-ஜாக்கி, ஜாக்கி-10, 10-9. சின்ன ஜோடிக்கு ஒரு நிபந்தனை உண்டு. மூன்றாவது சீட்டு எட்டரை தடவைக்கு ஒரு தடவைதான் விழும், விழுந்தாலும் எல்லா முறையும் அவர் முழுதாகக் கொடுத்துவிட மாட்டார். அதனால் நீங்கள் போடும் 25-க்கு 15 மடங்கிலிருந்து 20 மடங்கு வரை, அதாவது 375-இலிருந்து 500 வரை, இருவர் கையிலும் மிச்சம் இருக்க வேண்டும். அவரிடம் 200 மட்டுமே மிச்சம் என்றால் சின்ன ஜோடியை ஃபோல்ட் பண்ணிவிடுங்கள்.

கட்-ஆஃபில் இருந்துகொண்டு கால் பண்ணுவதைப் பாதியாகக் குறையுங்கள். பட்டன் இன்னும் பேசவில்லை. அவர் உள்ளே வந்தால் கடைசி இடம் அவருடையதாகிவிடும்.

என்னை அதிகம் ஏமாற்றிய கை வேறு வேறு சின்னத்தில் ஏஸ்-ஜாக்கி. பார்க்க அழகாக இருக்கும். முதல் இடத்து ரெய்ஸுக்கு அதை வைத்துக் கால் பண்ணினால், எதிரே ஏஸ்-ராஜா இருக்கும்போது நாலில் ஒரு தடவைதான் ஜெயிப்பீர்கள். அதைவிட மோசம், ஏஸ் விழும் ஃபிளாப்பில்தான் நிறையத் தோற்பீர்கள், ஏனென்றால் நீங்களும் ஜோடி வைத்திருப்பீர்கள். என் நோட்டில் இந்த ஒரு கைக்கு மட்டும் தனிப் பக்கம் இருக்கிறது. முதல் இடத்து ரெய்ஸுக்கு அதை ஃபோல்ட் பண்ணுங்கள்.

சரி, எப்போதும் பெரிய கைக்கு மட்டும் த்ரீ-பெட் போட்டால் எதிரே இருப்பவர் கண்டுபிடித்துவிடுவாரே? அதற்கு எப்போதாவது ஒரே சின்னத்தில் ஏஸ்-5, ஏஸ்-4 வைத்துக்கொண்டு கட்-ஆஃபுக்கு எதிராகப் போடலாம். உங்கள் கையில் ஒரு ஏஸ் இருப்பதால் அவரிடம் ஏஸ் ஜோடி இருக்கும் வழிகள் ஆறிலிருந்து மூன்றாகவும், ஏஸ்-ராஜா இருக்கும் வழிகள் பதினாறிலிருந்து பன்னிரண்டாகவும் குறைகின்றன. அவர் கால் பண்ணிவிட்டாலும் வரிசையோ ஒரே சின்னமோ விழ வாய்ப்பு உண்டு. முதல் மாதங்களில் இதை ஆட வேண்டாம்.

7. சிப் குறைந்துவிட்டால்

15 பிக் பிளைண்டுக்குக் கீழே போய்விட்டால் கால் என்பதை மறந்துவிடுங்கள். ஆல்-இன் (கையில் மிச்சம் உள்ள அத்தனையையும் வைப்பது), இல்லையென்றால் ஃபோல்ட்.

8. நோட்டு

40 பக்க நோட்டு ஒன்று போதும். ஐந்து கட்டம்: என் இடம், என் சீட்டு, முன்னால் யார் என்ன செய்தார், நான் செய்தது, முடிவு. வீட்டில் நாமே கலைத்துப் போட்டு ஆடினால் மணிக்கு 25 கை ஓடும். மூன்று மணி நேரத்தில் 75. ஆறு பேர் என்றால் பட்டன் உங்களுக்கு 12 தடவை வரும், கட்-ஆஃப் 12 தடவை. அந்த 24 கைகளை மட்டும் எழுதுங்கள். இரண்டு மாதம் வாரம் ஒரு நாள் ஆடினால் ஏறக்குறைய 200 கை சேரும். "கால்" என்று எழுதிய இடங்களைச் சிவப்பு மையில் சுழித்து, ஒவ்வொன்றுக்கும் எதற்காகக் கால் பண்ணினேன் என்று பக்கத்தில் எழுத முயலுங்கள். என் முதல் நோட்டில் பாதிக்கு மேல் காரணம் எழுத முடியவில்லை.

9. கோவா போவதானால்

நன்றாகப் பழகிய பிறகு, இழந்தாலும் வீட்டுச் செலவைத் தொடாத பணம் கையில் இருந்தால் மட்டும் இதைப் படியுங்கள். கோவா கேசினோக்களில் 21 வயது முடிந்திருக்க வேண்டும். புகைப்படம் உள்ள அசல் அடையாள அட்டை கேட்பார்கள், செல்போனில் உள்ள படத்தை நம்பிப் போகாதீர்கள். பான் கார்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜெயித்த பணத்துக்கு வருமான வரி 30 சதவீதம், அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரி. வேறு நாள் தோற்றதை இதில் கழித்துக்கொள்ள முடியாது. இதைத் தெரிந்துகொண்டு பணத்தைத் திட்டமிடுங்கள்.

நம் பக்கத்திலிருந்து போக, வேளாங்கண்ணியிலிருந்து திருவாரூர், தஞ்சாவூர் வழியாக வாஸ்கோடகாமாவுக்கு வாரம் ஒரு முறை ரயில் இருக்கிறது. முன்பதிவு 60 நாளைக்கு முன் திறக்கும். வாரத்தில் ஒரு நாள்தான் என்பதால் திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே யோசித்துவிடுங்கள், இல்லையென்றால் அங்கே தங்கும் செலவு ஏறிவிடும்.

மேஜையில் உட்காரும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: ஃபிளாப் வராமல் முடியும் கைக்குக் கேசினோவின் பங்காகக் கழிவு பிடிப்பீர்களா? பல இடங்களில் பிடிக்க மாட்டார்கள். அப்படியென்றால் ரெய்ஸ் பண்ணி அங்கேயே முடிக்கும் பாட் முழுதாக உங்களுக்கு. கால் பண்ணி ஃபிளாப் பார்க்கும் ஒவ்வொரு சின்னப் பாட்டிலும் கேசினோவுக்கு ஒரு பங்கு போகும்.

ஆடிக்கொண்டிருக்கும்போது பட்டியல் எழுதிய தாளை எடுத்துப் பார்க்க முடியாது, மனப்பாடமாக இருக்க வேண்டும். நான் கும்பகோணத்துக்கு வேலைக்குப் போய்வந்த நாட்களில் பஸ்ஸில்தான் பாடம் பண்ணினேன். மன்னார்குடியில் ஏறினால் நீடாமங்கலம் வருவதற்குள் கட்-ஆஃப் பட்டியல். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ் நிற்கும் நேரத்தில் பட்டன் பட்டியல். கேட் திறப்பதற்குள் பெரும்பாலும் இரண்டு தடவை சொல்லி முடித்திருப்பேன்.